சுருண்டு படுக்கும் நாய்க்கு மனக்கவலையா, குளிரா?

கேள்வி: டிசம்பர் 8

வேலை மாற்றலாகி கோவையிலிருந்து கோத்தகிரிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எங்கள் நாட்டு நாயும் கூடவே வந்தது. ஆண், நான்கு வயது. கோவையில் காலை நீட்டித் தூங்கும், சில நாள் மல்லாந்துகூடக் கிடக்கும். இங்கே வந்ததிலிருந்து வட்டமாகச் சுருண்டு மூக்கை வாலுக்கடியில் செருகிக்கொண்டுதான் படுக்கிறது. சுருண்டு படுக்கிற நாய் பயத்தில் இருக்கிறது, மல்லாந்து படுக்கிற நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று ஒரு படம் வாட்ஸப்பில் வந்தது. ஊர் மாறியதில் மனசு ஒடிந்துவிட்டதா? தம்பி வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

டிசம்பர் 8, இரவு 9.20

விட வேண்டாம். இன்று ராத்திரி நாய் படுக்கிற அதே தரையில் பாய் இல்லாமல் நீங்கள் படுத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் முழங்கால் தாடையைத் தொடும். அப்போது உங்கள் மனசும் ஒடிந்துவிட்டதா என்று வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். இந்த மாதம் சாரலும் மூடுபனியும் சேர்ந்தால் சிமெண்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 38.3லிருந்து 39.2 டிகிரி செல்சியஸ், நம்மைவிட அதிகம். அதைக் காப்பாற்ற வேண்டுமே. வயிறு, தொடையின் உட்பக்கம், பாதம், மூக்கு, இங்கெல்லாம் முடி கம்மி. சுருளும்போது அத்தனையும் வட்டத்துக்குள்ளே போய்விடும், முதுகு மட்டும் வெளியே. மூக்கை வாலுக்கடியில் வைத்தால் தன் மூச்சுச் சூடே திரும்பக் கிடைக்கும். பனிப் பிரதேசத்து ஓநாய் படுப்பதும் இப்படித்தான். அதற்கு யார் மாற்றல் ஆர்டர் கொடுத்தார்கள்?

ஒரு சின்னச் சோதனை. நாலு சாக்கை மடித்து, தரையில் படாமல் ஒரு பலகைமேல் போடுங்கள். மதியம் வெயில் வந்தால் வாசலில் படுக்க விடுங்கள். வட்டம் அவிழ்ந்தால் குளிர். அவிழாவிட்டால் அப்புறம் பேசலாம்.

டிசம்பர் 8, இரவு 10.05

மேலே சொன்னதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், எழுத மறந்துவிட்டேன். என்னிடம் ஒரு சிப்பிப்பாறை இருக்கிறான், பெயர் வெள்ளையன். கரிசல் காட்டில் முயல் துரத்தப் பிறந்த ஜாதி. உடம்பில் கொழுப்பு கிடையாது, முடி வெல்வெட் துணி கனம்தான். இங்கே டிசம்பரில் அவன் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் யாரோ ஜிலேபி பிழிந்து வைத்த மாதிரி இருக்கும்.

போன மே மாதம் மேட்டுப்பாளையத்தில் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப் போனோம். கோத்தகிரியிலிருந்து முப்பது சொச்சம் கிலோமீட்டர் இறக்கம். காலையில் இங்கே சுருண்டு எழுந்தவன், மதியம் அங்கே துணி துவைக்கிற கல் பக்கத்து ஈரத்தில் மல்லாந்து, நாலு காலும் நாலு திசையில், பல் தெரியக் கிடந்தான். மாமியார் செத்துப்போச்சா என்று கேட்டார். ஒரே நாய், ஒரே நாள். ஒரு மலைப்பாதை இறங்கியதில் பயந்த நாய் சந்தோஷ நாயாக மாறிவிட்டதா? வயிற்றில் முடி கம்மி என்பதால் அதைக் காற்றில் காட்டினான், அவ்வளவுதான்.

டிசம்பர் 10, காலை 6.50

'அப்படியானால் தூங்குகிற விதத்துக்கு அர்த்தமே இல்லையா' என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி நான் சொல்லவில்லை. அர்த்தம் உண்டு, ஆனால் அந்தப் படத்தில் போட்டிருக்கிற அர்த்தம் இல்லை.

ஒன்று சொல்கிறேன். நாய்க்கும் கனவுத் தூக்கம் உண்டு. கண் இமைக்குள் உருளும், பாதம் துடிக்கும், உதடு நடுங்கும், சின்னதாக 'உப் உப்' என்று வாய்க்குள்ளேயே குரைக்கும். அந்த நேரத்தில் உடம்புத் தசைகள் தளர்ந்துவிடும். அதனால் நெஞ்சைத் தரையில் வைத்து, முன்னங்காலை நீட்டி, தலையை நிமிர்த்தி நந்தி மாதிரி படுத்திருக்கிற நாய் அந்தத் தூக்கத்துக்குள் முழுசாகப் போக முடியாது. தலை சாய்ந்துவிடும். அதற்கு ஒருக்களித்துச் சாய வேண்டும், இல்லை சுருண்டு எதன்மேலாவது தாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொரு விஷயம், கனவுத் தூக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே சரிசெய்கிற வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும், நடுக்கம்கூட வராது. அதனால் குளிரில் சுருண்டு படுத்துவிட்டுக் கனவுக்குள் போகிற நாய் விவரமான நாய்.

ஆக, நான் பார்ப்பது வடிவத்தை இல்லை. கனவு வருகிறதா என்றுதான். சுருண்டிருந்தாலும் பாதம் துடித்தால் எனக்குக் கவலை இல்லை.

டிசம்பர் 10, காலை 7.15

கால் துடிக்கும்போது தட்டி எழுப்பாதீர்கள். வலிப்போ என்று பயந்து ஒருமுறை வெள்ளையனை உலுக்கினேன். விழித்தவன் யாரென்று தெரியாமல் கையைக் கவ்விவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டு அரைமணி நேரம் என்னையே பார்க்கவில்லை. தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

டிசம்பர் 12, இரவு 8.30

குளிர்தான் எல்லாம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் திருத்த வேண்டும்.

தீபாவளி அன்று நல்ல வெயில். அன்றைக்கும் வெள்ளையன் சுருண்டுதான் கிடந்தான், கட்டிலுக்கடியில், கடைசி மூலையில். அது குளிர் இல்லை, வெடிச்சத்தம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு சுருளும் ஒன்று போலத்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வேறு. குளிருக்குச் சுருண்டவன் கண்ணை மூடியிருப்பான், காது தொங்கும், வால் மூக்கின்மேல் தளர்ந்து கிடக்கும். பயத்தில் சுருண்டவன் கண்ணை அரைகுறையாகத் திறந்து வெள்ளை விழி தெரியப் பார்ப்பான், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். பிஸ்கட்டை மூக்குக்கு நேரே வைத்தேன், தொடவில்லை. வெள்ளையன் பிஸ்கட்டைத் தொடவில்லை என்றால் ஊரில் ஏதோ பெரிய தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி கேட்டவர் இதையும் பார்த்துச் சொல்லட்டும். எங்கே படுக்கிறது, யாருக்கு முதுகைக் காட்டிப் படுக்கிறது, சத்தம் கேட்டால் ஒருமுறை தலை தூக்கிவிட்டுத் திரும்பத் தூங்குகிறதா, ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துவிடுகிறதா.

டிசம்பர் 13

நன்றாகத் தூங்குகிறது என்றாலே சந்தோஷம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹங்கேரியில் நாய்களின் தலையில் கம்பி ஒட்டி, தூக்கத்தில் மூளை அலையை அளக்கிறார்கள். 2017இல் வந்த அவர்கள் ஆய்வில் ஒரு தடவை நாய்களைக் கொஞ்சி விளையாட விட்டார்கள். இன்னொரு தடவை அதே நாய்களைக் கட்டிப்போட்டு, கண்டுகொள்ளாமல், ஆள் முறைத்துப் பார்க்க விட்டார்கள். அப்புறம் தூங்க விட்டால், நொந்த தடவைதான் சீக்கிரம் தூங்கிவிட்டன. ஆபீசில் திட்டு வாங்கிய நாளில் நானும் சோறு தின்ற கையோடு கட்டையைச் சாய்க்கிறவன்தான், ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அதற்கு முந்தின வருஷம் இங்கிலாந்தில் காப்பகத்து நாய்களை வைத்துப் பார்த்ததில், பகலில் அமைதியாக ஓய்வெடுக்க முடிந்த நாய்கள்தான் நிம்மதியாகத் தெரிந்தன. இது எனக்குச் சரியென்று படுகிறது. ராத்திரி எந்த நாயும் அசந்து தூங்கும். பட்டப்பகலில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே தூங்குவதற்கு நம்பிக்கை வேண்டும்.

டிசம்பர் 15, மாலை

பேச்சு சிறுத்தைப் பக்கம் போய்விட்டதால் நானும் போகிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அங்கே ஏழெட்டு நாய்கள், யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். பகலில் ரோட்டோரத்தில் கட்டை மாதிரி நீட்டிக் கிடக்கும். இலை ஏற்றுகிற வண்டி ஹாரன் அடித்தால்கூட ஒரு காதைத்தான் அசைக்கும். பொழுது சாய்ந்ததும் காட்சியே வேறு. ஒன்று தண்ணீர்த் தொட்டி மூடிமேல், ஒன்று விறகு அடுக்கின் உச்சியில், இரண்டு பிக்கப் வண்டியின் பின்தட்டில். தரையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் நந்தி மாதிரி நெஞ்சில் படுத்திருக்கும், பின்பக்கம் சுவரோடு ஒட்டி.

போன வருஷம் தரையில், வாசல்படியில் சுருண்டு தூங்கின ஒன்றைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. சத்தமே வரவில்லை, காலையில் படியில் கொஞ்சம் முடி மட்டும் இருந்தது. இங்கே எல்லா ஊரிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது.

இந்த நாய்கள் ராத்திரி சுருளாததற்குக் காரணம் குளிர் இல்லாததா? அதே குளிர்தான். சூட்டை விட்டுக்கொடுத்து உயிரைப் பிடித்துக்கொள்கின்றன. வாட்ஸப் படத்தின்படி பார்த்தால் இவை சுருண்டவற்றைவிடத் தைரியசாலிகள்!

நாயை ராத்திரி வெளியே கட்டிப் போடாதீர்கள், அதுவும் சங்கிலியில். உள்ளே சேருங்கள்.

டிசம்பர் 18, இரவு 11

உள்ளே சேர்ப்பது பற்றிச் சொன்னதும் ஒருவர் 'கரிச்சட்டி வைத்தால் நாய்க்கும் கதகதப்பு' என்று எழுதியிருக்கிறார். வேண்டாம். தயவுசெய்து.

மூன்று வருஷத்துக்கு முன் ஜனவரியில் நான் அதைச் செய்தேன். இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி, கதவு ஜன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. வழக்கமாக என் கால்மாட்டில் சாக்கில் படுக்கிற வெள்ளையன் அன்றைக்கு எழுந்து போய், கதவுக்கடியில் இருக்கிற விரல்கடை இடைவெளியில் மூக்கை வைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டான். குளிர்காற்று வருகிற ஒரே இடம் அது. சூடான அறையில் குளிரைத் தேடிப் போகிறானே என்று நான் சிரித்தேன். எனக்கு லேசாகத் தலைவலி, ஜலதோஷம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தான். ஒன்றுக்குப் போகிறான் போல என்று எழுந்தேன், கால் தள்ளாடியது. கதவைத் திறந்து திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் என்ன நடந்திருக்கும் என்று உறைத்தது.

நாய்தான் காப்பாற்றியது என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரி எரிந்து வருகிற விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனையே கிடையாது, நாய்க்கும் தெரியாது. புழுக்கம் தாங்காமல் போயிருப்பான். ஆனால் தினமும் படுக்கிற இடத்தை விட்டு, தினமும் வெறுக்கிற இடத்தில் போய்ப் படுத்தான் இல்லையா, அதைப் பார்த்தும் நான் சிரித்தேன். அதுதான் உறுத்துகிறது.

டிசம்பர் 21, இரவு 10.40

ஜூலி பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

ஜூலி எங்கள் பொமரேனியன், பதினோரு வயது. பஞ்சுப் பொதி மாதிரி முடி, இந்த ஊர்க் குளிர் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வருஷம் முழுவதும் ஒருக்களித்து, காலைச் சுவரில் முட்டுக்கொடுத்துத்தான் தூங்குவாள். போன ஐப்பசியில் அது நின்றது. நெஞ்சில் படுத்து, முன்னங்கை முட்டியை இரண்டு பக்கமும் அகட்டி, கழுத்தை நீட்டித் தாடையைச் செருப்பின்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு தூங்கினாள். சில ராத்திரி உட்கார்ந்தபடியே கண் மூடி, தலை மெல்லச் சாய்ந்து, திடுக்கென்று நிமிர்ந்து, திரும்பச் சாய்ந்து. பஸ்ஸில் தூங்கிவழிகிற தாத்தா மாதிரி இருக்கிறது என்று என் மகள் வீடியோ எடுத்தாள். குடும்பமே சிரித்தோம். உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

நான் சொன்ன காரணம் என்ன தெரியுமா? குளிர். இங்கே எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிற நான், என் வீட்டில் முடி மூடிய நாய்க்குக் குளிர் என்றேன். குளிர் என்றால் சுருள வேண்டாமா? அவள் சுருளவே இல்லையே, நீண்டு கிடந்தாள். என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது.

முதலில் காட்டிய டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்காமலே பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, நான் சொன்னதே 'குளிர்ல மந்தமா இருக்கு டாக்டர்' என்றுதான். இரண்டாவது டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? எனக்குத் தெரியவில்லை. எண்ணிவிட்டு நாளைக்கு போன் பண்ணுங்கள் என்றார். அன்று ராத்திரி டார்ச்சைத் துணியால் மூடி, வாட்சைப் பார்த்து எண்ணினேன். 44. இன்னொரு தடவை எண்ணினேன், 46.

தூங்குகிற நாய்க்கு நிமிஷத்துக்கு 30க்குள் இருக்க வேண்டுமாம். கோவைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் எடுத்தோம். இதய வால்வு தேய்ந்து ரத்தம் பின்னால் கசிகிறது, நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது. சின்ன ஜாதி நாய்களுக்கு வயதான காலத்தில் அதிகம் வருவது இதுதான் என்றார்கள். ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு முட்டும், அதனால்தான் அவள் படுக்கவில்லை.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

டிசம்பர் 22, காலை

யாரோ தன் நாய்க்கு 52 வந்தது என்று பயந்துபோய் எழுதியிருக்கிறார். மார்பு ஏறுவதை ஒன்று, இறங்குவதை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். ஏறி இறங்கினால் சேர்த்து ஒன்று. உங்களுடையது 26. போய்க் காப்பி குடியுங்கள்.

அசந்து தூங்கும்போதுதான் எண்ண வேண்டும். ஓடிவிட்டு வந்து படுத்ததும் எண்ணக் கூடாது, கால் துடிக்கிற கனவு நேரத்திலும் கூடாது, அப்போது தாறுமாறாகத்தான் இருக்கும். நல்ல நாளில் நாலைந்து தடவை எண்ணிக் காலண்டரில் எழுதி வையுங்கள். வெள்ளையனுக்கு 16லிருந்து 20. உங்கள் நாயின் சொந்தக் கணக்கு தெரிந்தால்தான் அது மாறும்போது தெரியும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போய் 30ஐத் தாண்டி நின்றால், காத்திருக்காதீர்கள்.

டிசம்பர் 22, மதியம்

டிசம்பர் 10 குறிப்பில் நந்தி மாதிரி படுத்தால் கனவுத் தூக்கம் முழுசாக வராது என்று மட்டும் எழுதினேன். படுக்க முடியாமல் நந்தி மாதிரி இருக்கிற நாயும் உண்டு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதை எழுதும்போது ஜூலி என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தாள், எனக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் 27

மற்றவை சுருக்கமாக, கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முன்பக்கம் தரையில், பின்பக்கம் தூக்கியபடி கும்பிடுகிற மாதிரி நின்றுவிட்டு, எழுந்து, திரும்ப அதே மாதிரி நின்றால் வயிற்று வலியாக இருக்கலாம். எழுந்ததும் ஒரு தடவை அப்படி நெளிந்தால் சோம்பல் முறிப்பு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வயிறு உப்பி, படுக்கவே முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து, வாந்தி வராமல் குமட்டினால் அந்த நிமிஷமே வண்டியை எடுங்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், விடியட்டும் என்று இருந்தால் நாய் இருக்காது. கிழட்டு நாய் படுக்கும்போது தொப்பென்று விழுகிற மாதிரி படுத்து, எழும்போது பின்னங்காலை இழுத்தால் இடுப்பு மூட்டு, குளிரில் இன்னும் இறுகும். அதற்குச் சாக்கு போதாது, கனமான மெத்தை வேண்டும்.

குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து தூங்குவது பாசமா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பாசமாகவே இருக்கட்டும். முதல் இரண்டு வாரம் சொந்தமாகச் சூட்டைப் பிடித்துவைக்க அவற்றுக்குத் தெரியாது, அதனால் குவியல். குவியாமல் ஒரு குட்டி மட்டும் தனியே கிடந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 28

குன்னூர்க்காரர் ஒருவருக்கு அவசரமாக. நேற்றுவரை காலடியில் தூங்கிய நாய் திடீரென்று விறகுக்குப் பின்னால் இருட்டில் போய் ஒடுங்கிக்கொண்டது, கிட்டே போனால் உறுமுகிறது, இழுத்து வெளியே போடலாமா என்கிறார். கையை விடாதீர்கள். வெறும் காய்ச்சலாக, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்ட நாயா, இரண்டு மூன்று மாதத்துக்குள் வேறு நாயோ நரியோ கடித்ததா என்று யோசியுங்கள். அறையைச் சாத்திவிட்டு டாக்டரை வரச் சொல்லுங்கள். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை 1907இல் உங்கள் ஊரில் சும்மா கட்டவில்லை. 1902இல் வெறிநாய்க்கடியால் ஒரு இளம்பெண் செத்த பிறகு எழுந்தது அது.

டிசம்பர் 30

குன்னூர் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல்தானாம். ஈறு வெளுத்திருந்ததாம். ஊசியும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். நல்லது.

ஜனவரி 4

கேள்வி கேட்டவர் போட்டோ போட்டிருக்கிறார். பழைய பெஞ்சுப் பலகை, மேலே சாக்கு, அதன்மேல் அவருடைய பழைய ஸ்வெட்டர். மதியம் வெயிலில் நாய் ஒருக்களித்து, நாக்கு நுனி வெளியே தெரிய, காலை நீட்டிக் கிடக்கிறது. ராத்திரி திரும்பவும் ஜிலேபி. தம்பி வீட்டுப் பேச்சு நின்றுவிட்டதாம்.

ஆனால் ஒன்று சொல்கிறார், பலகையை எங்கே போட்டாலும் அது அவருடைய அறை வாசலுக்குத்தான் சாக்கை இழுத்து வந்து படுக்கிறதாம். கோவையில் அப்படி இல்லையாம். சரி, அப்படியானால் புது இடத்துக் கலக்கம் கொஞ்சம் இருந்திருக்கிறது. முதல் நாள் நான் அதைச் சிரித்தே தள்ளிவிட்டேன். பலகையை வாசலிலேயே போடுங்கள், என்ன கெட்டுவிடப் போகிறது.

ஜனவரி 19, காலை 5.30

ஜூலி எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு. இதயத்துக்குப் பிமோபெண்டான் ஒன்று, நீர் பிரிய ஃபுரோசமைடு ஒன்று. ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். நீர் மாத்திரையால் ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் வெளியே போக வேண்டும். சிறுத்தைக்குப் பயந்து ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் தகர டப்பா, தட்டிக்கொண்டே நிற்கிறேன். லைன் நாய்கள் தொட்டிமேலிருந்து பார்க்கின்றன. பொமரேனியன் மட்டும் அவசரமே இல்லாமல் புல்லை முகர்ந்து முகர்ந்து இடம் தேர்வு செய்கிறாள்.

நேற்று ராத்திரி உள்ளே வந்து மூன்று சுற்று சுற்றினாள். அவள் சாக்கில் வெள்ளையன் ஜிலேபி போட்டிருந்தான். ஒரு உறுமல், அவன் எழுந்து போய்விட்டான். பழையபடி காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, ஒருக்களித்து விழுந்தாள். மூன்று மாதம் கழித்து முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் துடித்தது, அடங்கட்டும் என்று காத்திருந்து எண்ணினேன். 24.

வெள்ளையன் இப்போது என் கம்பளிக்குள் இருக்கிறான். எனக்கு மிச்சம் ஒரு முழம்தான் இருக்கிறது, நானும் சுருண்டுதான் படுத்திருக்கிறேன்.